இந்தியத் தலைமை வழக்கறிஞர்

இந்திய ஒன்றிய அரசின் முதன்மைச் சட்ட அலுவலர் தலைமை வழக்கறிஞர், அதாவது அட்டர்னி ஜெனரல். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த அட்வகேட் ஜெனரல் பதவியே இதற்கு முன்னோடி. இன்றைய வடிவத்தை அரசமைப்புச் சட்டத்தின் 76ஆவது பிரிவு தந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி பெற்ற ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். பதவிக்காலமும் அவர் விருப்பத்தைப் பொறுத்ததே. அமைச்சரவையின் ஆலோசனைப்படி இது நடப்பதால், அரசு நினைத்தால் அவரை விலக்கிவிட முடியும். நாட்டின் எல்லா நீதிமன்றங்களிலும் அவர் வாதாடலாம். நாடாளுமன்றத்தில் பேசலாம், வாக்குரிமை இல்லை. இங்கிலாந்தில் இப்பதவி ஆளுங்கட்சி அரசியலர் ஒருவரிடம் இருக்கும். இந்தியாவில் அவர் அமைச்சர் அல்லர்.

அரசுக்கு எதிராக வழக்காடக் கூடாது என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அரசின் நிலைப்பாடே தவறாக இருக்கும்போது நீதிமன்றத்துக்கு அவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதற்கு அத்தகைய தெளிவான விடை இல்லை. அதனால் இப்பதவியின் வரலாறு பெரிதும் அதை வகித்தவர்களின் வரலாறாகவே இருக்கிறது.

முதல் தலைமை வழக்கறிஞர் எம்.சி. செதல்வாட் 1950 முதல் 1963 வரை பணியாற்றினார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு முதலீடு செய்ததை 1958இல் நீதிபதி சாக்ளா ஆணையம் விசாரித்தது. ஆணையத்துக்கு உதவ வந்த செதல்வாட், நிதித்துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று வாதிட்டார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தன்னை நியமித்த அரசின் அமைச்சருக்கு எதிராகவே சட்டத்தை எடுத்துரைத்த அந்தத் துணிவு பின்வந்தவர்களுக்கு அளவுகோலாயிற்று.

அந்த அளவுகோல் நெருக்கடிநிலைக் காலத்தில் முறிந்தது. 1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதுமே கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் ஃபாலி நாரிமன் பதவி விலகினார். தலைமை வழக்கறிஞர் நிரேன் டே நீடித்தார். விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனு தொடுக்க முடியுமா என்ற ஜபல்பூர் வழக்கில் அவர் அரசுக்காக வாதாடினார். சொந்தப் பகைக்காகக் காவலர் ஒருவர் ஒருவரைக் கொன்றால் அப்போதும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடிநிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே டேயின் விடை. அரசின் வாதத்தை அதன் இறுதி எல்லைவரை கொண்டுசென்ற விடை அது. இப்பதவியிலிருந்து ஒலித்த சொற்களில் இதைவிட வேதனையானது வேறில்லை. 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். கன்னா மட்டும் மாறுபட்டார். அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017இல் வெளிப்படையாக ரத்துசெய்தது.

பிற்காலத்தில் இப்பதவிக்குத் தமிழகத்திலிருந்து கே. பராசரன் (1983–1989), ஜி. ராமசாமி ஆகியோர் வந்தனர்.

அரசின் வழக்கறிஞராக அல்லாமல் இவ்வலுவலர் தாமே முடிவெடுக்க வேண்டிய இடமும் ஒன்றுண்டு. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, உச்ச நீதிமன்றத்தை அவமதித்ததாகத் தனிமனிதர் ஒருவர் குற்றவியல் அவமதிப்பு மனு தொடுக்க இவரது அல்லது சொலிசிட்டர் ஜெனரலின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதல் தேவைப்படாமல் நீதிமன்றமே தானாக எடுத்த, வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் மீதான அவமதிப்பு வழக்கிலும், 2020இல் தலைமை வழக்கறிஞராக இருந்த கே.கே. வேணுகோபால், தண்டனை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீதிமன்றம் ஒரு ரூபாய் அபராதம் விதித்தது.