ஒரு நெடில், இரண்டு குறில்

கணினியை ஆன் செய்கிறோம். விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டாகவே கிடக்கிறது. என்ன கோளாறு என்று சொல்ல ஓர் எழுத்துகூட வருவதில்லை. எழுத்தைக் காட்டவேண்டிய பாகமே பழுதாகிவிட்டால் கணினி எங்கே போய் எழுதும்?

அமெரிக்காவின் புளோரிடாவில் போகா ரேட்டன் என்ற ஊரில் ஐபிஎம் நிறுவனத்தின் சிறு குழு ஒன்று இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியது. சுமார் ஓராண்டில் அவர்கள் உருவாக்கிய ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கணினிக்குத் தன் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. மெமரி எவ்வளவு, எந்த வகைத் திரை என்பதையெல்லாம் மதர்போர்டில் இருந்த குட்டிக் குட்டி சுவிட்சுகளை நகர்த்தி நாம்தான் சொல்லவேண்டும். ஒரு சுவிட்சைத் தவறாகத் தள்ளிவிட்டால், இல்லாத மெமரியைத் தேடிப் பார்த்துவிட்டு 201 என்ற பிழை எண்ணைக் காட்டும்.

ஆகவே ஆன் செய்ததும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நிரல் ஒன்றை பயாஸில், அதாவது ரோம் சிப்பில் பதிந்திருக்கும் தொடக்க நிரலில், வைத்தார்கள். முதலில் பிராசசர், அடுத்து ரோம், பிறகு மெமரியின் முதல் 16 கிலோபைட். திரையின் முறை அதற்கும் பிறகுதான் வரும். அதுவரை கணினி வாய் திறக்க ஒரே வழி ஸ்பீக்கர். அதற்கு டைமர் சிப் ஒன்றும் ஓரிரு கம்பிகளும் போதும். திரை அட்டையின் தயவு வேண்டியதில்லை. குட்டி ‘பீப்’ ஒலி குறில், நீண்டது நெடில். ஒரே ஒரு குறில் ஒலித்தால் எல்லாம் நலம். ஒரு நெடிலும் இரண்டு குறிலும் ஒலித்தால் திரை அட்டையில் கோளாறு. இதைவிடச் சிக்கனமான மொழியை நான் அறியேன்.

இந்தச் சோதனைக்கு நேரம் பிடிக்கும். கணினியை மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் நிரலாளர்கள் அது முடியக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கக் குழுவிலிருந்த டேவிட் பிராட்லி அமைத்த குறுக்குவழிதான் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட். அந்த மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கணினி மெமரிச் சோதனையைத் தாண்டி நேராகத் தொடங்கிவிடும்.

பிறகு மற்றவர்களும் பயாஸ் எழுதத் தொடங்க, மொழி கிளைமொழிகளாகப் பிரிந்தது. அவார்டு பயாஸ் ஐபிஎம்மின் நெடில்-குறிலைத் தொடர்ந்தது. சுப்ரமோனியன் சங்கர் 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய, இன்று சென்னையிலும் இயங்குகிற ஏஎம்ஐ நிறுவனமோ எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டது: மூன்று ஒலி என்றால் முதல் 64 கிலோபைட் மெமரியில் பழுது, எட்டு என்றால் திரை அட்டையின் மெமரி. எந்த பயாஸ் என்று தெரியாமல் ஒலியை மட்டும் எண்ணினால் நல்ல பாகத்தைக் கழற்றி எறிய நேரும்.

இன்று சுவிட்சுகள் போய்விட்டன. ஆனால் ராம் சரியாக உட்காராததும், அட்டை ஸ்லாட்டில் பாதி நழுவி நிற்பதும் அப்படியேதான் இருக்கின்றன. கணினிப் பெட்டிகள் பலவும் இப்போது ஸ்பீக்கர் இல்லாமலே வருகின்றன. விலை கூடிய போர்டுகள் பலவற்றில் கோளாறைச் சொல்லும் ஈரிலக்கக் குறியீட்டு விளக்கு உண்டு. அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு இருட்டுத் திரைதான். பல மதர்போர்டுகளில் ‘ஸ்பீக்கர்’ என்று குறித்த நான்கு ஊசி இடம் இன்னும் காலியாகக் காத்திருக்கிறது. அடுத்த முறை கணினி அசெம்பிள் செய்யும்போது அந்தச் சின்ன ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கி மாட்டிவிடுங்கள்.