எஸ்பிஎம் முடிவுக்கு முன்பே கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

எஸ்பிஎம் தேர்வு முடிந்த கையோடு தனியார் கல்லூரிகளிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "இப்போதே பதிந்தால் கட்டணக் கழிவு உண்டு" என்பார்கள். கேமரன் மலையில் தோட்டச் சம்பளத்தை நம்பியிருக்கும் பெற்றோர் ஒன்றை மறக்கக்கூடாது. விண்ணப்பிப்பது வேறு, பணம் கட்டுவது வேறு.

அரசாங்க வாய்ப்புகள்

இவற்றுக்குத் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். விண்ணப்பங்கள் பொதுவாக முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடும். பொதுப் பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், சமுதாயக் கல்லூரி ஆகியவற்றுக்கு யுபியு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு, இறுதி நாளுக்குள் துறைத் தேர்வுகளை மாற்றிக்கொள்ளலாம்.

மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின் கீழ் வருவதால் அதற்குத் தனி விண்ணப்பம் தேவை. யுபியு செய்தாயிற்று என்று இதை விட்டுவிடாதீர்கள். 10ஏ மற்றும் அதற்கு மேல் பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடமுண்டு என்று பிரதமர் 2024 ஜூனில் அறிவித்தார். பகாங்கில் இக்கல்லூரி குவாந்தான் அருகே கம்பாங்கில் உள்ளது.

தனியார் கல்லூரி

டிரையல் தேர்வு முடிவை வைத்து இடம் தருவார்கள். ஆனால் அது நிபந்தனையோடு கூடிய இடம். அடிப்படைக் கல்விக்குக் குறைந்தது 5 கிரெடிட்டும், டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட்டும் எஸ்பிஎம்மில் வேண்டும். மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி இல்லையென்றால் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:

• முடிவு போதாவிட்டாலோ, அரசாங்க இடம் கிடைத்தாலோ பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
• அந்தப் படிப்பு எம்கியூஏ அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா? இணையத்தில் நீங்களே பார்க்கலாம்.
• விடுதி, உணவு, பேருந்துச் செலவு எவ்வளவு?

பிடிபிடிஎன் தருவது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகே அந்தப் பணம் வரும் என்பதால், முதல் செலவு குடும்பத்தின் கையிலிருந்துதான் போகும். விண்ணப்பிக்க மாணவர் பெயரில் எஸ்எஸ்பிஎன் கணக்கும் வேண்டும்.

கல்லூரி முகவர் அவசரப்படுத்தினால், கையெழுத்திடும் முன் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். ஆறாம் படிவம் படித்து எஸ்டிபிஎம் எழுதும் வழியும் இருக்கிறது. வீட்டில் இணைய வசதி சரியில்லாதவர்கள் கடைசி நாள்வரை காத்திருக்காமல் பள்ளியிலேயே விண்ணப்பத்தை முடித்து, ஒரு பிரதியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.