நோயும் நாணயமும்: அமெரிக்கக் கடன் மதிப்பெண்ணில் சிறு மருத்துவ பாக்கியின் வரலாறு

முன்னுரை

வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் திருப்பித் தருபவரை நாணயமானவர் என்கிறோம். அமெரிக்காவில் ஒருவருடைய நாணயத்தைப் பெரும்பாலும் 300 முதல் 850 வரையிலான ஓர் எண் சொல்லிவிடுகிறது. வீட்டுக் கடனுக்கான வட்டி, காருக்கான தவணை, வாடகை வீடு என்று பலவும் அந்த எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. விரும்பி வாங்கிய கடன் அந்த எண்ணைத் தீர்மானிப்பதில் நியாயம் உண்டு. நோயை யாரும் விரும்பி வாங்குவதில்லை. 200 டாலர் மருத்துவ பாக்கி ஒருவருடைய நாணயத்துக்கு எதிரான சாட்சியாக எப்படி ஆனது, அந்தச் சாட்சியம் பின்னர் எவ்வாறு வலுவிழந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தகைய பாக்கி காட்டுவது நோயையும் காப்பீட்டின் சிக்கலையுமே. ஆளின் நாணயத்தை அன்று. இதைத் திருத்த எடுத்த முயற்சிகளில் முக்கியமானவை சட்டத்தால் வராமல் நிறுவனங்களின் விருப்பத்தால் வந்தவை. அதனால் அவை இன்னும் உறுதிப்படவில்லை.

பேரேட்டிலிருந்து எண்ணுக்கு

1841இல் லூயிஸ் டாப்பன் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் வணிகர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி விற்றது. சாதாரண வாடிக்கையாளரின் கணக்கைப் பதிவு செய்யும் வழக்கம் பின்னர் பரவியது. 1899இல் அட்லாண்டாவில் வுல்ஃபோர்ட் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம், மளிகைக் கடைகளில் கடன் சொல்லி வாங்குவோரில் யார் உடனே தருபவர், யார் இழுத்தடிப்பவர், யாரிடம் ரொக்கம் மட்டுமே வாங்க வேண்டும் என்று பட்டியலிட்டுக் கொடுத்தது. அதுவே இன்றைய ஈக்விஃபாக்ஸ்.

1956இல் பொறியாளர் பில் ஃபேரும் கணிதவியலாளர் ஏர்ல் ஐசக்கும் தொடங்கிய நிறுவனம் இந்தத் தீர்ப்பைக் கணக்காக மாற்றியது. 1989இல் அதன் பொது மதிப்பெண்ணான ஃபைகோ வெளிவந்தது. கடைக்காரரின் நினைவில் இருந்த தீர்ப்பு எண்ணாக மாறியதில் பாகுபாடு குறைந்தது. காரணம் கேட்கும் வாய்ப்பும் குறைந்தது. உடம்புக்கு முடியாமல் போனதால் பாக்கி நின்றது என்று மளிகைக்காரரிடம் சொல்லலாம். எண்ணிடம் சொல்ல முடியாது.

சட்டங்கள் தந்த பாதுகாப்பு

1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம், தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழையை மறுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தந்தது. வசூலுக்குப் போன கடன் ஏழாண்டுகளுக்கு மேல் அறிக்கையில் இருக்கக் கூடாது என்றும் வரம்பு வைத்தது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் வசூல் நிறுவனங்களின் மிரட்டலுக்குக் கடிவாளம் போட்டது. வசூல் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்தால், கடன் உண்மைதான் என்பதற்கான சான்றைத் தரும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும்.

1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2003இல் வந்த திருத்தம் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க முயன்றது. எந்த மருத்துவமனை, என்ன சிகிச்சை என்பது கடன் கொடுப்பவருக்குத் தெரியாதபடி பெயரைக் குறியீடாக மறைக்கச் சொன்னது. நோய் மறைந்தது, பாக்கி மறையவில்லை. இந்த வேறுபாடு இருபது ஆண்டுகள் கழித்துப் பெரிய விளைவைத் தந்தது.

சிறு பில் வசூலுக்குப் போகும் வழி

அவசர சிகிச்சைக்குப் போய் வந்த ஒருவருக்கு மருத்துவமனை, மருத்துவர், பரிசோதனைக் கூடம், ஆம்புலன்ஸ் என்று தனித்தனியாக பில் வரக்கூடும். இடையில் காப்பீட்டு நிறுவனத்தின் விளக்கக் கடிதம் வரும். அதில் மொத்தத் தொகை, காப்பீடு ஏற்ற தொகை, நோயாளி தர வேண்டிய தொகை எல்லாம் கட்டங்களில் இருக்கும். மேலே ‘இது பில் அல்ல’ என்றும் அச்சாகியிருக்கும். உண்மையான பில் பழைய முகவரிக்குப் போய்விட்டால், 180 டாலர் இரத்தப் பரிசோதனைக் கட்டணம் நிற்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தவரும் காப்பீடு தரும் என்று காத்திருப்பார். மருத்துவமனையோ கணக்கை வசூல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடும். முதல் செய்தி வசூல் நிறுவனத்திடமிருந்தே வருவதும் உண்டு. கொடுக்க மனமில்லாதவரையும், கொடுக்க வேண்டும் என்பதே தெரியாதவரையும் மதிப்பெண் ஒன்றாகவே பார்த்தது.

2014: தரவே தந்த சாட்சியம்

நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2014 மே மாதத்தில் வெளியிட்ட ஆய்வு, அடையாளம் நீக்கப்பட்ட ஏறத்தாழ 50 லட்சம் கடன் பதிவுகளைப் பரிசீலித்தது. மருத்துவ பாக்கி உள்ளவர்கள் தங்கள் மதிப்பெண் காட்டுவதைவிட ஒழுங்காகக் கடனைத் திருப்பித் தந்தார்கள். அவர்களை மதிப்பெண் சுமார் 10 புள்ளிகள் குறைத்து எடைபோட்டது. மருத்துவ பாக்கியைக் கட்டி முடித்தவர்களிடம் அந்தக் குறைவு 16 முதல் 22 புள்ளிகள் வரை இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் அறிக்கையின்படி, கடன் அறிக்கைகளில் இருந்த வசூல் பதிவுகளில் ஏறத்தாழ பாதி மருத்துவம் சார்ந்தவை. இவற்றின் இடைநிலைத் தொகை 207 டாலர்.

ஐநூறு டாலர் எல்லை

மாற்றங்கள் படிப்படியாக வந்தன. 2014இல் அறிவிக்கப்பட்ட ஃபைகோ 9, கட்டித் தீர்த்த வசூல் பதிவுகளைப் புறக்கணித்தது. கட்டாத மருத்துவ பாக்கிக்கும் எடையைக் குறைத்தது. 2015இல் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞருடன் ஏற்பட்ட உடன்பாட்டால், மருத்துவ பாக்கியைப் பதியுமுன் 180 நாட்கள் காத்திருக்கும் நடைமுறை வந்தது. 2022 மார்ச்சில் கடன் தகவல் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் சேர்ந்து அறிவித்த மாற்றமே பெரியது. அந்த ஆண்டு ஜூலை முதல், கட்டிய மருத்துவ பாக்கி அறிக்கையிலிருந்து நீங்கியது. காத்திருப்புக் காலம் ஓராண்டானது. 2023 ஏப்ரலில், 500 டாலருக்குக் குறைவாகத் தொடங்கிய மருத்துவ வசூல் பதிவுகளும் நீங்கின. ஃபைகோவுக்குப் போட்டியான மதிப்பெண்ணான வாண்டேஜ்ஸ்கோர் மருத்துவ வசூல் பதிவுகளைக் கணக்கில் எடுப்பதையே கைவிட்டது. கொலராடோவும் நியூயார்க்கும் 2023இல் தங்கள் மாநிலங்களில் இத்தகைய பதிவுகளுக்குத் தடை விதித்தன.

அறிக்கையிலிருந்து நீங்கியதால் கடன் தீர்ந்துவிடாது. வசூல் நிறுவனம் வழக்குப் போடலாம். மருத்துவ பில்லை கிரெடிட் கார்டில் கட்டினால் அது சாதாரணக் கடனாகி, இந்தப் பாதுகாப்பை இழக்கிறது.

2025: பின்னடைவு

2025 ஜனவரியில் பணியகம் மருத்துவக் கடன் முழுவதையும் அறிக்கைகளிலிருந்து நீக்கும் விதியை இறுதி செய்தது. ஒன்றரைக் கோடிப் பேரின் 4,900 கோடி டாலர் பதிவுகள் நீங்கும் என்பது அதன் மதிப்பீடு. ஜூலையில் டெக்சாஸ் கிழக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதியை ரத்து செய்தது. குறியீடாக மறைக்கப்பட்ட மருத்துவக் கடனைப் பதியச் சட்டமே அனுமதிக்கும்போது பணியகம் அதைத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க 2003இல் எழுதிய ஏற்பாடே, பாக்கியைப் பதிவதற்கான அனுமதியாக வாசிக்கப்பட்டது.

முடிவுரை

மளிகைக் கடைப் பட்டியல் முதல் இன்றைய எண் வரை, கடன் தகவல் முறை கேட்டது ஒரே கேள்வி: இவரை நம்பிக் கொடுக்கலாமா? சிறு மருத்துவ பாக்கி அந்தக் கேள்விக்கு நம்பகமான விடை தரவில்லை என்பதை 2014ஆம் ஆண்டின் தரவே காட்டியது. ஆயினும் 500 டாலர் எல்லை மூன்று தனியார் நிறுவனங்களின் தன்விருப்ப முடிவு. அவை நினைத்தால் மாற்றலாம். இதை நிலைபெறச் செய்ய அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் தேவை.

அதுவரை பாதுகாப்பு நோயாளியின் கையில்தான். பில்லை விவரமாகப் பிரித்துத் தரும்படி கேளுங்கள். காப்பீட்டுக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். லாப நோக்கற்ற மருத்துவமனையாக இருந்தால் நிதியுதவிக்கு விண்ணப்பியுங்கள். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாட்கள் வரை அந்த விண்ணப்பத்தை ஏற்பது மருத்துவமனையின் கடமை. வசூல் கடிதம் வந்தால் 30 நாட்களுக்குள் எழுத்தில் சான்று கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது.