தண்ணீர் வேண்டாம் என்று போட்ட வழக்கு

தமிழ்நாட்டு விவசாயிகள் ஆற்றுக்காகக் கோர்ட்டுக்குப் போனால் பெரும்பாலும் கேட்பது தண்ணீர். நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் தலைகீழாக, எங்கள் ஆற்றில் இதை விடாதீர்கள் என்று போனார்கள். என் மாமா ஒருவர் இதைக் கிட்டத்தட்ட பெருமையாகவே சொல்வார்: "தண்ணி வேணாம்னு கேஸ் போட்டவங்க நாமதான் கண்ணு."

அந்தக் கதையின் நடு ஊர் ஒரத்துப்பாளையம். திருப்பூரிலிருந்து நொய்யலோடு கிழக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம், சென்னிமலைப் பக்கம். மானாவாரி மேட்டாங்காடு, கிளுவை வேலி போட்ட கொறங்காடு, கிணறு இருந்தால் தோட்டம். கொங்கில் 'தோட்டம்' என்றாலே கிணற்றுப் பாசன நிலம்தான். பொண்ணு குடுக்க வர்றவங்க முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தியும், 1930களில் வந்த பைக்காரா மின்சாரமும் இந்தக் கிணறுகளின் மதிப்பைக் கூட்டின. திருப்பூர் பருத்திச் சந்தையாக வளர்ந்தது இப்படி விளைந்த பஞ்சால். பின்னாளில் பனியன் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்து முதலாளியானவர்களில் பலர் பண்ணையக் குடும்பத்துப் பிள்ளைகள். ஷரத் சாரியின் ஆய்வு இதைத்தான் விரிவாகச் சொல்கிறது. எனவே கெடுத்தவன் யாரோ வெளியூர்க்காரன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992இல் தயாரானது. பனியன் ஏற்றுமதி எகிறிக்கொண்டிருந்த அதே வருடங்கள். மழைத்தண்ணீரைத் தேக்கக் கட்டிய அணை சாயத்தண்ணீரைத் தேக்கியது.

கலர் தண்ணீரைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். ஆனால் நிலத்தைக் கொன்றது உப்பு. பருத்தித் துணியும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும். இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை. சாயத்தைத் துணியில் ஏற்ற உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை. கடல்நீரிலேயே 35 கிராம்தான்! உப்பு துணியில் தங்காது, வேலை முடிந்ததும் அப்படியே வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டுக் கலரை எடுத்துவிடலாம்; கரைந்த உப்பு அதற்கெல்லாம் அசையாது. வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2.1 கிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் கூடாது என்பது விதி. அந்த விதி பல வருடம் காகிதத்தில் இருந்தது. உப்பு கிணறுகளில் இருந்தது.

அணையைத் திறந்தால் கீழே கரூர் வரை பயிர் போகும். திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறுகளுக்குள் ஊறும். ஒரே சங்கடத்தின் இரண்டு பக்கத்திலும் விவசாயியே நின்றான். ஆயக்கட்டுதாரர் சங்கத்தின் வழக்கில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் 2009இல் விவசாயிகள் பக்கமே நின்றது. அதற்குப் பிறகும் உத்தரவு நடைமுறைக்கு வராததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்புக்குத் திருப்பூர் மாறியது இந்த அடியில்தான்.

நஷ்டஈடு? அதற்கென அமைக்கப்பட்ட ஆணையம் 2004இல் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மொத்தம் கிட்டத்தட்ட 25 கோடி ரூபாய் நிர்ணயித்தது. பெரிய தொகை மாதிரி தெரியும். வகுத்துப் பார்த்தேன்: தலைக்குச் சராசரி 9,000 ரூபாய்கூட வரவில்லை. மாமாவிடம் சொன்னபோது, "அதுல கெணத்துக்கு மோட்டாரு வாங்கலாம்" என்றார். "எறைக்கிறதுக்குத்தான் தண்ணி வேணும்."