கொயினா மரமும் நம் பிள்ளைகளும்

பதுளையிலிருந்து நுவரெலியா போகும் வழியில் ஹக்கலைப் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். 1861இல் அது தொடங்கியது பூக்களுக்காக அல்ல; மலேரியாவுக்கு மருந்தான கொயினா தரும் சிங்கோனா மரத்துக்காக. கோப்பி நோயில் அழிந்தபோது மலைநாட்டுத் துரைமார் இந்த மரத்தை நட்டார்கள். பட்டை மிகுந்து விலை வீழ்ந்தது, தேயிலை வந்தது.

1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் பட்டைக்குத் தட்டுப்பாடு. 1944இல் அமெரிக்காவில் வுட்வர்ட், டோரிங் இருவரும் ஆய்வுகூடத்தில் கொயினா செய்யும் வழியை அறிவித்தார்கள். படிகளும் செலவும் அதிகம். இன்றும் கொயினா பட்டையிலிருந்தே வருகிறது.

"இரசாயனவியல் நமக்கு எதுக்கு சேர்?" என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மரம் நட்டது உங்கள் பூட்டன்மார், பிள்ளைகளே. மருந்தைப் படிப்பது உங்கள் முறை. பெற்றோரே, விஞ்ஞானப் பிரிவுக்கு அனுப்பத் தயங்காதீர்கள்.