அருப்புக்கோட்டையில் வெயில் எங்கே அதிகம்? சாட்டிலைட் மேப்பை நம்பலாமா?

கோடையில் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எடுத்த சாட்டிலைட் வெப்பப் படத்தில், ஊரைவிட சுற்றியுள்ள கரிசல்காடு அதிக சிவப்பாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அப்போ டவுன்ல சூடு கம்மியா? அப்படி முடிவு பண்ணினால் ஏமாந்துபோவோம்.

சாட்டிலைட் எதை அளக்குது?

லேண்ட்சாட் 8 (2013), லேண்ட்சாட் 9 (2021) ஆகிய அமெரிக்க செயற்கைக்கோள்கள் சுமார் 705 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம்பிடிக்கும். அவை கணக்கிடுவது தரையின் சூட்டை. செய்தியில் சொல்லும் 40 டிகிரி என்பது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். ரெண்டும் வேற.

ஊரைவிட காடு ஏன் சிவப்பு?

லேண்ட்சாட் நம்மைக் கடப்பது காலை பத்தரை மணி வாக்கில். மானாவாரி அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் கரிசலில் ஆவியாக ஈரமில்லை. அதனால் மளமளவென சூடேறும். கான்கிரீட்டுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கோடைப் பகலில் பல இந்திய நகரங்கள் சுற்றுப்புறத்தைவிடச் சூடு குறைவாக இருப்பதை ஐஐடி மும்பை ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். ராத்திரி கதை மாறும். காடு சீக்கிரம் ஆறிவிடும். பகலில் வாங்கிய சூட்டை மொட்டை மாடியும் ரோடும் விடிய விடிய விட்டுக்கொண்டிருக்கும்.

அதற்காகப் பகல் படம் வீண் இல்லை. ஊரக வேலைத் திட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களும் நிற்பது அந்தச் சிவப்பில்தான்.

தறி ஓடும் வீடுகளுக்கு என்ன?

இங்கேதான் சிக்கல். லேண்ட்சாட்டின் ஒரு வெப்பப் புள்ளி 100 மீட்டருக்கு 100 மீட்டர். அதாவது ரெண்டரை ஏக்கர். ஒரு நெசவாளர் தெருவே அதில் அடங்கிவிடும். மதியம் கொதிக்கும் தகரக் கூரையும் பக்கத்து வேப்பமரமும் ஒரே சராசரியாகிவிடும். யார் வீட்டுக்கு என்ன கூரை என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் தேட வேண்டும். 2011 கணக்கெடுப்புக்காக இதைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது.

இரவுச் சூட்டுக்கு, 2018 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஈகோஸ்ட்ரெஸ் கருவி உதவும். சுமார் 70 மீட்டர் துல்லியத்தில் வெவ்வேறு நேரங்களில் அளக்கும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால் தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துத் தூங்குகிறவரின் அறைச் சூட்டை அளக்க, ராத்திரி அந்த வீட்டுச் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டித்தான் ஆகணும்.