திறந்து பார்த்தலும் திறவாது அறிதலும்: மின்சுற்று முறிப்பான் பராமரிப்பின் வரலாறு

1902ஆம் ஆண்டு காவிரியின் சிவனசமுத்திரம் அருவியில் ஆக்கப்பட்ட மின்சாரம், 140 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. இந்திய மின்துறையின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய நிகழ்வுகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. அணைகளும் மின்னாக்கிகளும் தடங்களின் நீளமும் அதில் இடம்பெறுகின்றன. தடத்தின் இரு முனைகளிலும் காவல் நிற்கும் மின்சுற்று முறிப்பான், அதாவது தொழிலாளர் வழக்கில் 'பிரேக்கர்', அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சுகிறது. அதனைப் பேணியவர்களின் பணியோ அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

இக்கருவியின் இயல்பு விந்தையானது. ஆண்டின் பெரும்பகுதி அது அசையாமல் நிற்கிறது. 400 கிலோவோல்ட் தடத்தில் பழுது நேர்ந்தால், 100 மில்லிநொடிக்குள் அத்தடம் துண்டிக்கப்பட வேண்டும் என்பது இந்திய மின்தொகுப்பின் நெறி. ரிலே பழுதை உணர்ந்து கட்டளையிடுகிறது. அதன்பின் பிரேக்கருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 40 மில்லிநொடி. அதற்குள் தொடுமுனைகள் பிரிய வேண்டும். அவற்றினிடையே மூளும் மின்வில் அணைய வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழியத்தைத் தொடும் கணமே அதற்கான வாய்ப்பு. பிரேக்கர் திறக்கத் தவறினால், அதே மின்பட்டையில் இணைந்துள்ள பிற பிரேக்கர்கள் அனைத்தையும் காப்புமுறை திறந்துவிடும். ஒரு தடத்தின் பழுது ஒரு துணைமின் நிலையத்தையே இருளில் ஆழ்த்தக்கூடும். அசையாது நிற்கும் ஒன்று, வேண்டிய நொடியில் அசையுமா என்பதை முன்கூட்டியே எவ்வாறு அறிவது? பராமரிப்பின் வரலாறு இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு எனலாம்.

1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டத்தின்கீழ் மாநில மின்வாரியங்கள் உருவான காலத்தில், முதல் விடை எண்ணெயில் இருந்தது. எண்ணெய்வகை முறிப்பான்களில் ஒவ்வொரு மின்வில்லும் எண்ணெயைச் சிதைத்துக் கரியை விட்டுச்செல்லும். ஆகவே எண்ணெயின் நிறமும் மணமுமே பணியாளருக்கு முதற்சான்றுகள். மாதிரி எடுத்து, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அது எவ்வளவு மின்னழுத்தத்தைத் தாங்குகிறது எனச் சோதித்தனர். நாட்காட்டி குறித்த தவணையிலோ, பழுதுக்காகத் திறந்த தடவைகளின் எண்ணிக்கை வரம்பை எட்டியபோதோ, தொட்டியைத் திறந்து தொடுமுனைகளைத் தேய்த்துச் சீர்செய்தனர். அக்காலத்தில் பராமரிப்பு என்பதன் பொருள் திறந்து பார்த்தல் என்பதே.

1977ஆம் ஆண்டு ஓப்ரா–சுல்தான்பூர் தடத்தின் வழியே இந்தியா 400 கிலோவோல்ட் நிலையை அடைந்தது. அதனையடுத்த பத்தாண்டுகளில் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வளிமம் நிரப்பிய முறிப்பான்கள் பரவின. இவை மூடி முத்திரையிடப்பட்டவை. ஈரம் புகுந்தால் மின்காப்பு குன்றும். மின்வில்லால் சிதைந்த வளிமம் நச்சுத்தன்மை வாய்ந்த வெண்பொடியை விட்டுச்செல்லும். வளிமம் கசிந்தால், 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்க வல்லது. இதனாலேயே 1997ஆம் ஆண்டின் கியோட்டோ நெறிமுறை அதனைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆகவே திறவாமலேயே உள்நிலையை அறியும் தேவை எழுந்தது. 100 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தித் தொடுமுனையின் மின்தடையை மைக்ரோ ஓமில் அளத்தல், வளிமத்தின் அடர்த்தியையும் பனிநிலையையும் கண்காணித்தல், மூன்று முனையங்களும் 3.33 மில்லிநொடி வேறுபாட்டுக்குள் திறக்கின்றனவா எனக் காலம் கணித்தல் ஆகியன வழக்கமான சோதனைகளாயின. கண்ணும் மூக்கும் கண்டறிந்ததைக் கருவிகள் கண்டறியலாயின.

இம்மாற்றத்துக்குப் பின்புலமாக மற்றொரு அறிவும் அமைந்தது. பெருமின் அமைப்புகளுக்கான பன்னாட்டு மன்றமான சிக்ரே, 1970களிலிருந்து பல நாடுகளின் முறிப்பான் பழுதுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. மின்வில் அணையும் அறையைவிட, அதனை இயக்கும் பொறிமுறையிலேயே பழுதுகள் மிகுதி என்பது அவ்வாய்வுகளின் முதன்மையான முடிவு. விற்சுருள், காற்றழுத்தி, கொக்கி, உலர்ந்துபோன கிரீஸ், துணைத் தொடுமுனை ஆகிய எளிய உறுப்புகளே கட்டளையை நிறைவேறாமல் செய்தன. நலமான கருவியை அடிக்கடி பிரித்துப் பூட்டுவதே புதிய பழுதுக்கு வழிகோலலாம் என்ற எண்ணமும் வலுப்பெற்றது. நாட்காட்டியைப் பின்பற்றிய பராமரிப்பு, கருவியின் நிலையைப் பின்பற்றும் பராமரிப்பை நோக்கி நகர்ந்தது.

எனினும் ஒரு முரண் தீரவில்லை. பெரும்பாலான சோதனைகளுக்குப் பிரேக்கரைப் பணியிலிருந்து விலக்கியாக வேண்டும்; அதனால் அது காக்கும் தடமும் நிற்கக்கூடும். தடம் ஒன்று நிற்கும்போது எஞ்சியவற்றின் சுமை கூடுகிறது. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட இந்திய மின்தொகுப்பு சரிந்ததன் பின்னணியில் இவ்வுண்மையைக் காணலாம். பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடத்தின் இரண்டாம் சுற்று, தரமுயர்த்தும் பணிக்காகத் திட்டமிட்டு நிறுத்தப்பட்டிருந்தது. அளவுமீறிய சுமையை ஏற்ற முதற்சுற்றை, பழுது ஏதும் இல்லாதபோதே, ரிலே பழுதெனக் கொண்டது. பிரேக்கர் கட்டளைப்படி திறந்தது. மறுநாள் நண்பகல் 1 மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் சரிந்தன. ஏறத்தாழ 48,000 மெகாவாட் சுமை பாதிக்கப்பட்டது. ஒத்தியங்கு முறையில் அப்போது இணையாதிருந்த தென்னகத் தொகுப்பு தப்பியது. அவ்விணைப்பு 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே நிகழ்ந்தது.

அந்நாளில் பிரேக்கர் தன் கடமையில் தவறவில்லை என்பது கருதத்தக்கது. தவறு கட்டளையிலும், ஓய்வுக்கு இடந்தராத தொகுப்பின் நெருக்கடியிலும் இருந்தது. விசாரணைக் குழு, காப்புமுறைகளைச் சார்பற்ற வெளியார் தணிக்கை செய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கருவியைச் சோதித்தல் போதாது, அதற்குக் கட்டளையிடும் ரிலேயையும் சோதித்தாக வேண்டும் என்ற தெளிவு அதில் உள்ளது. எந்தத் தடத்தை, எந்த நேரத்தில், எவ்வளவு காலம் நிறுத்தலாம் என்னும் முடிவும் பராமரிப்பின் பகுதியே. துணைமின் நிலையங்களின் பதிவேடுகளில் நாளும் நேரமும் அளவீடுமாகக் கிடக்கும் குறிப்புகள், அம்முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதற்கான சான்றுகள். நேராத விபத்துகளுக்கு அவற்றைத் தவிர வேறு ஆவணம் இல்லை.